படியேறினால்தான் கதை தெரியும்: பழனியிலிருந்து பூம்பாறை வரை

முதல் நாள்: அடிவாரம்

பழனிக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் செய்யும் காரியம் ஒன்றுதான். பேருந்து நிலையத்தில் இறங்குவார்கள், ரோப்கார் வரிசையில் நிற்பார்கள், மேலே போய்ச் சாமியைப் பார்ப்பார்கள், பஞ்சாமிர்த டப்பாவுடன் இறங்கிவிடுவார்கள். அரை நாளில் எல்லாம் முடிந்துவிடும். சாமி கும்பிட அது போதும். ஆனால் இந்த மலையைச் சுற்றியுள்ள கதைகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடங்கள் கீழிருந்து மேலாக, கதை நடந்த வரிசையிலேயே அமைந்திருக்கின்றன. ரோப்காரில் ஏறுகிறவர், மலையைத் தோளில் சுமந்து வந்த இடும்பனைப் பார்க்காமலேயே, மேலே சிலையைச் செய்ததாகச் சொல்லும் சித்தர் போகரிடம் போய்ச் சேர்கிறார். அதனால் இந்தப் பயணத்தில் முதல் நாள் முழுவதும் அடிவாரத்துக்குத்தான்.

மலைக்கோயில் எழுவதற்கு முன்பே இந்த ஊர் பாட்டில் வந்துவிட்டது. சங்கப் பாடல்களில் இதன் பெயர் பொதினி, ஆண்டவர்கள் ஆவியர் குடியினர். அவர்களில் ஒருவன்தான் வையாவிக் கோப்பெரும் பேகன், கடையெழு வள்ளல்களுள் ஒருவன். மழைக்காலத்தில் அகவிய மயிலைப் பார்த்துக் குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துத் தன் போர்வையைக் கொடுத்தானே, அவனேதான். பள்ளிக்கூடப் பாடம் அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளும். அதே பேகன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியிடம் போயிருந்தபோது கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என நான்கு புலவர்கள் வந்து, “எங்களுக்குப் பரிசில் வேண்டாம், நீ வீட்டுக்குப் போ” என்று கேட்டதும் புறநானூற்றில்தான் இருக்கிறது. மயிலுக்கு இரங்கியவனிடம் மனைவிக்கும் இரங்கச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. ஊர் நடுவிலுள்ள வையாபுரிக் குளத்தின் கரையில் நின்றால் குளம், ஊர், மலை மூன்றும் ஒரே பார்வையில் தெரியும். காலை வெயில் மலைமேல் விழும்போது இங்கே வந்துவிடுவது நல்லது.

அடுத்தது திருஆவினன்குடி. மலையடிவாரத்தில் இருக்கும் இந்தக் கோயிலைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். அது முறையல்ல. நக்கீரர் பாடிய மூன்றாம் படைவீடு இதுதான். திரு என்ற இலக்குமி, ஆ என்ற காமதேனு, இனன் என்ற சூரியன், கு என்ற நிலமகள், டி என்ற அக்கினி ஆகியோர் வழிபட்ட தலம் என்று தலபுராணம் சொல்கிறது. தலமரம் நெல்லி. இங்கே முருகன் மயில்மேல் அமர்ந்த குழந்தை. மலைமேல் இருப்பதுபோல் தண்டூன்றிய ஆண்டி அல்ல.

எல்லோருக்கும் தெரிந்த ஞானப்பழக் கதையை இங்கே நின்றுதான் யோசித்துப் பார்க்க வேண்டும். நாரதர் கொண்டுவந்த பழத்தைப் பெற்றோரைச் சுற்றி வந்து பிள்ளையார் வாங்கிக்கொள்கிறார். மயிலேறி உலகைச் சுற்றிவிட்டு வந்த தம்பி கோபித்துக்கொண்டு கயிலையை விட்டு வருகிறான். “பழம் நீதானே” என்று சமாதானம் சொல்லப்படுகிறது. அந்தக் கோபக்காரப் பிள்ளை வந்து இறங்கிய இடம் ஆவினன்குடி. கதையின்படி அப்போது இங்கே மலையே இல்லை. மலை பிறகுதான் வருகிறது, அதுவும் ஒருவன் தோளில்.

பழைய வழக்கப்படி சண்முக நதியில் குளித்து, கரையிலுள்ள பெரியாவுடையாரை வணங்கி, ஊருக்குள் பெரியநாயகி அம்மனைப் பார்த்து, ஆவினன்குடிக்கு வந்து, அதன் பிறகே மலையேறுவார்கள். பெரியநாயகி அம்மன் கோயிலை உள்ளூர்க்காரர்கள் ஊர்க்கோயில் என்பார்கள். ஆட்டோக்காரரிடமும் அப்படியே சொல்லலாம். தைப்பூசக் கொடி ஏறுவது ஊர்க்கோயிலில், பங்குனி உத்திரக் கொடி ஏறுவது ஆவினன்குடியில். தைப்பூசத் தேர் ஊர்க்கோயில் ரத வீதிகளிலும் பங்குனித் தேர் கிரிவீதியிலும் ஓடும். தேதியை மட்டும் பார்த்துவிட்டுத் தேர் எந்த வீதி என்று தெரியாமல் வருகிறவர்கள் மலையடியில் காத்திருந்து ஏமாந்து போவதுண்டு.

சண்முக நதி ஊரிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கிறது. பழனி மலைத்தொடரில் பிறக்கும் பாலாறு, பொருந்தலாறு, வரட்டாறு முதலானவை கூடி வரும் ஆறு இது. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல தண்ணீர் இருக்கும். கோடையில் ஓடை போலாகிவிடும், அப்போது சரவணப்பொய்கைப் பக்கம் குளித்துக்கொள்ளலாம். முடி காணிக்கைக்குத் தேவஸ்தானக் கூடங்களில் இப்போது கட்டணம் கிடையாது. வழியில் கையைப் பிடித்து இழுத்து, “இந்தக் கடையில் பூசைச் சாமான் வாங்கினால் சீக்கிர தரிசனம்” என்று யாராவது சொன்னால் நிற்காமல் நடந்துவிடுங்கள். அப்படி ஒரு ஏற்பாடே கிடையாது.

மாலையில் கிரிவலம். மலையைச் சுற்றிச் சுமார் இரண்டரை கிலோமீட்டர், மெதுவாக நடந்தால் முக்கால் மணி நேரம். 2024 மார்ச்சிலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கிரிவீதியில் தனியார் வாகனங்களுக்குத் தடை இருப்பதால் நடப்பது முன்னைவிட நிம்மதி. வயதானவர்களுக்குத் தேவஸ்தான பேட்டரி கார் உண்டு. சித்திரை கடைசி ஏழு நாளும் வைகாசி முதல் ஏழு நாளும் அக்னி நட்சத்திரக் கிரிவலம் நடக்கும். பெண்கள் கடம்பப் பூ சூடிச் சுற்றுவார்கள். விடியலுக்கு முன்பும் இருட்டிய பிறகும்தான் நடக்க முடியும். நடுவில் தார்ச்சாலை கால் வைக்க விடாது.

இரண்டாம் நாள்: படி

செல்போனை அறையிலேயே வைத்துவிடுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் மலைக்கோயிலில் செல்போனுக்கும் கேமராவுக்கும் தடை. அடிவாரத்தில் சிறு கட்டணத்துக்கு வாங்கி வைத்துக்கொள்ளும் மையங்கள் இருக்கின்றன. ஆனால் கூட்ட நாளில் திரும்ப வாங்கும் வரிசை தரிசன வரிசையைவிட மோசம். குடும்பமாக வந்தால் மேலே சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். போன் இல்லாத காலத்தில் எல்லோரும் செய்ததுதான்.

மேலே போக நான்கு வழிகள். படிப்பாதை, யானைப்பாதை, மேற்கு கிரிவீதியிலிருந்து வின்ச், பிறகு ரோப்கார். வின்ச் 1966-ல் வந்தது, தண்டவாளத்தில் கம்பி வடம் இழுக்கும் பெட்டி, சுமார் எட்டு நிமிடம். 2004-ல் வந்த ரோப்காருக்கு மூன்று நிமிடம் போதும். ஆனால் பலமாகக் காற்று வீசினால் ரோப்காரை நிறுத்திவிடுவார்கள். மாதத்தில் ஒரு நாளும் ஆண்டுக்கொரு முறை பல வாரங்களும் பராமரிப்புக்காக ஓடாது. ஆடிக் காற்றில் ரோப்காரை நம்பி வயதானவர்களை அழைத்து வருவது சரியான திட்டமல்ல, வின்ச்சுக்கும் மனத்தைத் தயார் செய்துகொண்டு வர வேண்டும்.

நடப்பவர்களுக்கு ஒரு யோசனை: யானைப்பாதையில் ஏறுங்கள், படியில் இறங்குங்கள் என்றுதான் பலரும் சொல்வார்கள். யானை ஏறுவதற்காகச் சரிவாக அமைத்த பாதை என்பதால் மூச்சு வாங்காது, உண்மைதான். ஆனால் முழங்கால் வலி உள்ளவருக்கு இது தலைகீழ். அவர்களுக்குப் படியில் ஏறுவதைவிட இறங்குவதுதான் வலிக்கும். அவர்கள் படியில் நின்று நின்று ஏறி, யானைப்பாதையில் இறங்கட்டும். படிகள் 693 என்பது பொதுக்கணக்கு. எண்ணிப் பார்த்தால் ஆளுக்கொரு எண் வரும், அதில் சண்டை வேண்டாம். மலை ஏறக்குறைய 450 அடி உயரம். சாதாரணமாக நடப்பவருக்கு அரை மணி, குழந்தைகளோடு வந்தால் ஒரு மணி. செருப்பு கீழேயே. காலை எட்டுக்குள் ஏறிவிட்டால் கல் சுடாது.

பாத விநாயகரிடம் தொடங்க வேண்டும். சிதறு தேங்காய்ச் சில்லு காலில் குத்தும், பார்த்து நடங்கள். படியின் பாதி வழியில் இடும்பன் சன்னதி. நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

அகத்தியர் கயிலையிலிருந்து சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு குன்றுகளைப் பொதிகைக்குக் கொண்டுவரச் சொல்லி இடும்பன் என்ற அசுரனை அனுப்புகிறார். பிரம்மதண்டம் கம்பாகிறது, பாம்புகள் உறிக் கயிறாகின்றன. இரு முனையிலும் இரண்டு மலையைத் தொங்கவிட்டுத் தோளில் போட்டு நடக்கிறான். ஆவினன்குடி வந்ததும் களைப்பாறக் கீழே வைக்கிறான். மறுபடி தூக்கினால் ஒன்று அசையவில்லை. நிமிர்ந்து பார்த்தால் மேலே ஒரு சிறுவன், கோவணம், கையில் தண்டு. “இது என் மலை” என்கிறான். சண்டை. இடும்பன் விழுகிறான். மனைவி இடும்பியும் அகத்தியரும் வேண்டிக்கொள்ள உயிர் பெற்று எழுகிறான். இனி மலைக்கு அவன்தான் காவல். அவனைப் போலச் சுமை தூக்கி வருகிறவர்களுக்கு அருள் கிடைக்க வேண்டும் என்று வரமும் கேட்கிறான். அசையாத மலை சிவகிரி, அதன்மேல்தான் இப்போது ஏறிக்கொண்டிருக்கிறோம். மற்றது பக்கத்தில் தனியே நிற்கும் இடும்பன் மலை. அதன் உச்சியில் இடும்பனுக்குக் கோயில் உண்டு. இங்கிருந்து பார்த்தால் இரண்டு குன்றும் ஒரு காவடியின் இரு முனை போலவே இருக்கும். இந்த இடத்தை யார் பார்த்தாலும் இப்படியொரு கதை தோன்றத்தான் செய்யும்.

காவடியின் அமைப்பே இந்தக் கதைதான். நடுவே தோளில் தாங்கும் தண்டு, இரு முனையிலும் பால் சொம்போ தீர்த்தக் கலசமோ, மேலே வளைவு, அதில் மயிற்பீலி. பால், பன்னீர், புஷ்பம், மச்சம், சர்ப்பம், சேவல் என்று வகைகள் பல. எடுப்பவர் குறைந்தது சில நாட்கள், முறையாக எடுப்பவர் ஒரு மண்டலம், விரதம் இருப்பார். வழியில் காவடியை வெறுந்தரையில் வைக்கக் கூடாது. இடும்பன் கீழே வைத்ததால்தானே இத்தனையும்! தங்கும் இடத்தில் அதற்கென்று பந்தலோ தாங்கலோ போட்டு வைப்பார்கள். மலையில் முதலில் இடும்பனிடம் சமர்ப்பித்து அனுமதி வாங்கிய பிறகே மேலே கொண்டுபோவார்கள். புதிதாக எடுப்பவர்கள் தவறுவது பெரும்பாலும் பால் குடத்தில்தான். விளிம்புவரை நிரப்பி வாயைத் துணியால் மட்டும் கட்டினால் பாதி வழியிலேயே தளும்பி முதுகெல்லாம் பால். முக்கால் அளவு நிரப்பி, வாழை இலை வைத்து இறுக்கிக் கட்ட வேண்டும். வெயிலில் பால் திரிந்துவிடும் என்பதால் பலர் அடிவாரத்தில்தான் பால் நிரப்புகிறார்கள்.

காவடிக் கூட்டத்தில் மூன்று வழக்கங்கள் தனித்துத் தெரியும். தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடி ரத்தினவேலோடு நடந்து வரும். பங்குனி உத்திரத்துக்குக் கொங்குப் பக்கத்தார் கொடுமுடிக் காவிரி நீரைத் தீர்த்தக் காவடியாகக் கொண்டுவருவார்கள். வெயில் ஏறும் மாதத்தில் சாமி மேனியைக் குளிர்விக்க ஆற்று நீர் என்பது இதற்குச் சொல்லும் காரணம். மூன்றாவது எடப்பாடி பர்வதராஜகுலத்தார். தைப்பூசம் முடிந்தபின் பெருங்கூட்டமாக வந்து, மலைமேலேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைந்து, ஓர் இரவு மலையில் தங்குவார்கள். மலைக்கோயிலில் இரவு தங்கும் உரிமை அவர்களுக்கு மட்டுமே. அந்த நாட்களில் மலையேறத் திட்டமிட வேண்டாம், கால் வைக்க இடம் இருக்காது.

இரண்டாம் நாள், தொடர்ச்சி: மேலே

சன்னதி மேற்கு நோக்கியது. மலையாளத்தைப் பார்த்து நிற்பதால்தான் கேரள பக்தர்கள் இவ்வளவு பேர் வருகிறார்கள் என்பார்கள். அதற்கேற்ப இன்னொரு கதை: வேட்டைக்கு வந்து களைத்து உறங்கிய சேரமான் பெருமாள் கனவில் முருகன் தோன்ற, மலைமேல் கவனிப்பாரற்றுக் கிடந்த சிலையைக் கண்டு கோயில் எழுப்பினான் என்பது. கருவறைப் புறச்சுவரில் பாண்டியர், விஜயநகர அரசர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. வரிசையில் நகரும்போது சுவர்ப்பக்கம் நின்றுகொண்டால் எழுத்துகள் கண்ணில் படும்.

மூலவரைப் பற்றித்தான் அதிகம் பேசப்படுகிறது. காலாங்கி நாதரின் சீடரான போகர், ஒன்பது பாஷாணங்களைக் கட்டி இந்தத் திருமேனியைச் செய்தார் என்பது ஐதீகம். வீரம், பூரம், ரசம், ஜாதிலிங்கம், கந்தகம், கௌரி பாஷாணம், வெள்ளைப் பாஷாணம், மிருதார்சிங்கி, சிலாசத்து என்று ஒரு பட்டியல் சொல்வார்கள். பட்டியல் ஆளுக்கு ஆள் மாறும். இவற்றில் பாதரசம் சேர்ந்தவை உண்டு, ஆர்செனிக் உண்டு, ஈயம் உண்டு, தனித்தனியே நஞ்சு. சித்த மருத்துவத்தில் இவற்றைச் சுத்தி செய்து, கட்டி, மருந்தாக்கும் முறைகள் தனிக் கலை. அந்தத் திருமேனியில் பட்டு வந்த அபிஷேகப் பொருள் நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் வருகிறது. இதைச் சாக்கிட்டுத் தெருவில் நவபாஷாண மணி, மோதிரம், லிங்கம் என்று விற்பார்கள். தண்ணீரில் போட்டுக் குடிக்கச் சொல்வார்கள். வாங்காதீர்கள். போலியாக இருந்தால் பணம்தான் போகும், உண்மையிலேயே பாதரசமும் ஆர்செனிக்கும் கலந்திருந்தால் உடம்பும் போகும்.

திருமேனி காலப்போக்கில் தேய்ந்திருப்பது உண்மை. 2004-ல் மூலவருக்கு முன்னால் ஐம்பொன் சிலை ஒன்றை வைத்தார்கள். எதிர்ப்பு எழுந்து சில மாதங்களிலேயே அதை எடுத்துவிட்டார்கள். இன்றும் அடிவாரத்தில் டீக்கடை பெஞ்சில் அதைப் பற்றிச் சூடாகப் பேசுவார்கள்.

தேய்மானத்துக்கு அஞ்சியோ மரபாகவோ, இங்கே அபிஷேகம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். நல்லெண்ணெய், பஞ்சாமிர்தம், சந்தனம், விபூதி ஆகியவைதான் முக்கியமானவை. ஒருமுறை அலங்காரம் செய்துவிட்டால் அடுத்த அபிஷேகம் வரை மாலை சாத்துவதோ பூவால் அர்ச்சிப்பதோ கிடையாது. விளா பூசையில் சாது, சிறுகாலசந்தியில் வேடர், காலசந்தியில் பாலசுப்பிரமணியர், உச்சிக்காலத்தில் வைதீகர், சாயரட்சையில் ராஜ அலங்காரம். ஆண்டிக் கோலம் வேண்டுபவர் விடியலில் விளா பூசைக்குப் போக வேண்டும், கிரீடமும் வேலும் வேண்டுபவர் மாலையில். நிறையப் பேர் ஆண்டியை நினைத்துக்கொண்டு மாலையில் வந்து ராஜாவைப் பார்த்து நிற்பார்கள். இராக்கால பூசையில் திருமார்பில் வட்டமாகச் சாத்தும் சந்தனம் மறுநாள் பிரசாதமாகிறது, இராக்காலச் சந்தனம் என்று அதற்குத் தனி மதிப்பு.

வெளிப்பிரகாரத்தின் தென்மேற்கில் போகர் சமாதி. அவர் வழிபட்டதாகச் சொல்லும் மரகத லிங்கமும் புவனேஸ்வரியும் இங்கே இருக்கின்றன. இங்கிருந்து கருவறைவரை சுரங்கம் இருக்கிறது, போகர் அதில் போய் இன்னும் யோகத்தில் இருக்கிறார் என்ற பேச்சும் உண்டு. போகருக்குப் பின் சீடர் புலிப்பாணியின் வழிவந்தவர்கள் பூசை செய்தார்கள். திருமலை நாயக்கரின் தளவாய் ராமப்பையன் காலத்தில் அது மாறி, கொடுமுடியிலிருந்து வந்த குருக்கள்களிடம் பூசை போனது. புலிப்பாணி ஆசிரமம் இப்போதும் அடிவாரத்தில் இருக்கிறது. சேரன் கனவுக்கும் சித்தர் சமாதிக்கும் நடுவே, எழுத்தில் நிற்கும் நாயக்கர் கால நிர்வாக முடிவு ஒன்று! இந்தக் கோயிலின் கதைகளில் தவறாமல் சொல்ல வேண்டியது இது, யாரும் சொல்வதில்லை.

மதிய வெயிலில் பிரகாரக் கல் கொதிக்கும். விரிப்பு போட்டிருக்கும் ஓரமாகவே நடக்க வேண்டும். மலைமேல் நாள் முழுவதும் அன்னதானம் 2012 முதல் நடக்கிறது. மாலை ஏழு மணி வாக்கில் தங்கரதம், 1947-ல் வந்தது. 2023 ஜனவரி 27-ல் குடமுழுக்கு நடந்ததால் கோபுரச் சுதைகள் இன்னும் வண்ணம் மங்காமல் இருக்கின்றன.

இறங்கும்போது பஞ்சாமிர்தம். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேவஸ்தான விற்பனை நிலையத்தில் வாங்குங்கள். டப்பா மூடி உப்பியிருந்தால் மாற்றிக் கேளுங்கள், உள்ளே புளித்துவிட்டது என்று பொருள். வீட்டில் செய்பவர்களுக்கு ஓர் அளவு: தோலுரித்த மலைவாழை ஒரு கிலோ, நாட்டுச் சர்க்கரை அரைக் கிலோ, கொட்டை நீக்கிய பேரீச்சை 100 கிராம், கற்கண்டு 50, உலர் திராட்சை 25, தேன் 60, நெய் 40, ஏலப்பொடி ஒரு தேக்கரண்டி. பழத்தையும் சர்க்கரையையும் கையால் பிசைந்து அரை மணி விட்டால் பழத்தின் ஈரத்திலேயே சர்க்கரை கரையும். பிறகு மற்றவை, நெய் கடைசியில், உருகி ஆறிய பதத்தில். ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. பாத்திரமும் கையும் கரண்டியும் காய்ந்திருக்க வேண்டும். பூவன் பழத்தில் செய்தால் இரண்டு நாளில் நீர்த்துவிடும். விருப்பாட்சி மலைவாழையில் ஈரம் குறைவு, அதனால்தான் இங்கே அதற்கு முதலிடம். அந்த வாழையோ முடிக்கொத்து நோயால் மலையில் பெருமளவு அழிந்தது. அசுவினிப் பூச்சி பரப்பும் நோய், தாக்கிய மரத்தைத் தோண்டி அழிப்பதைத் தவிர வழியில்லை. கிடைக்காதபோது வேறு மலைப்பழத்தையும் சேர்த்துப் பிசைவார்கள்.

மூன்றாம் நாள்: மலைப்பாதை, குறிஞ்சி ஆண்டவர்

பழனியிலிருந்து கொடைக்கானல் 64 கிலோமீட்டர். வத்தலக்குண்டு வழியைவிட இதில் வாகனம் குறைவு, வளைவு அதிகம். பாலாறு–பொருந்தலாறு அணை கீழே சுருங்கிக்கொண்டே போகும். சவரிக்காடு, வடகவுஞ்சி, பெருமாள்மலை என்று ஏறும். பின்னால் திரும்பிப் பார்த்தால் நேற்று ஏறிய மலை எலுமிச்சம்பழ அளவில் கிடக்கும். முந்நூற்றுச் சொச்சம் மீட்டரிலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்குமேல் ஏறுவதால் காது அடைக்கும், காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டவர்கள் கொண்டை ஊசி வளைவுகளில் வருந்துவார்கள். இரண்டு இட்லி போதும். கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியில் வர இ-பாஸ் எடுத்திருக்க வேண்டும், 2024 மே முதல் இது நடைமுறை. கீழேயே பதிவு செய்துவிடுங்கள், மேலே போன் சிக்னல் விட்டுவிட்டு வரும். பிற்பகலில் மூடுபனி இறங்கும், சாலையில் காட்டுமாடு நிற்கும். ஹாரன் அடித்து விரட்டக் கூடாது, விளக்கைத் தாழ்த்தி நின்றால் அதுவே போய்விடும்.

குறிஞ்சி ஆண்டவர் கோயில் பேருந்து நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் சொச்சம். 1936-ல் கட்டியவர் லீலாவதி இராமநாதன். வெளிநாட்டில் பிறந்து இந்து சமயம் தழுவியவர், இலங்கைத் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி. இப்போது பழனி தேவஸ்தானத்தின் பொறுப்பில் இருக்கிறது. புராணம் எதுவும் இல்லாத கோயில் இது. ஆனால் பின்பக்கம் நின்றால் வானம் தெளிந்த நாளில் பழனி மலை நேர் கீழே தெரியும். காலை பத்துக்குள் வந்துவிட வேண்டும், பிறகு பஞ்சு மேகம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். பெயருக்குக் காரணமான குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை கூட்டமாகப் பூக்கும். 2006, 2018, அடுத்து 2030. இடைப்பட்ட ஆண்டுகளில் “குறிஞ்சி பூத்திருக்கிறது” என்று யாராவது காட்டினால் அது வேறு இனக் குறிஞ்சி.

நான்காம் நாள்: பூம்பாறை

கொடைக்கானலிலிருந்து மேற்கே இருபது கிலோமீட்டர் அளவில் பூம்பாறை. மன்னவனூர்ப் பக்கம் போகும் பேருந்துகள் இந்த வழியேதான். ஊருக்கு முன்பே சாலையோரத்தில் ஒரு வளைவு வரும், அங்கே இறங்கிப் பார்த்தால் அடுக்கடுக்கான வயலும் நடுவில் நெருக்கமாக ஓட்டு வீடுகளும் கோயிலும் தெரியும். பூண்டு, உருளை, கேரட் விளைகிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் 2019-ல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்குவதானால் தாளோடு கட்டித் தொங்கவிட்டு உலர்த்தியதை வாங்க வேண்டும். மண் ஈரத்தோடு கிடைக்கும் புதுப் பூண்டு பையில் வைத்தால் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.

கோயில் குழந்தை வேலப்பருடையது. பழனிக் கதை இங்கே வந்து சேர்கிறது. பழனியில் ஒரு திருமேனி செய்து வைத்த போகர், சீன தேசம் போய் வந்த பிறகு இரண்டாவதாகச் செய்தது இது என்கிறார்கள். இங்குள்ளது தசபாஷாணம், அதாவது ஒன்று கூடுதல் என்பது ஊர்ப்பேச்சு. பழனியைவிடத் தங்கள் சாமியிடம் ஒரு சரக்கு அதிகம் என்று பூம்பாறைக்காரர்கள் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமிதம் கேட்கும். கேட்டுக்கொள்ளலாம், தவறில்லை.

பெயருக்கு வேறு கதை. அருணகிரிநாதர் இங்கே வந்து இரவில் படுத்திருந்தபோது ஒரு ராட்சசி அவரைக் கொல்ல வருகிறாள். முருகன் குழந்தை வடிவில் அவர் பக்கத்தில் படுத்துக்கொள்கிறான். காவித் துணி போர்த்திக் கிடந்தவரையும் பக்கத்தில் குழந்தையையும் பார்த்துத் தாயும் பிள்ளையும் என்று நினைத்து அவள் போய்விடுகிறாள். அதிலிருந்து குழந்தை வேலப்பர். ஆவினன்குடியில் கோபித்து வந்த குழந்தை, மலையுச்சியில் தண்டூன்றிய இளைஞன், இங்கே மறுபடி குழந்தை. கூட்டம் பழனியில் நூறில் ஒரு பங்கு கூட இருக்காது. வரிசைக் கம்பி இல்லை, நின்று பார்க்கலாம்.

தேர்த் திருவிழா தைப்பூசத்தை ஒட்டி, கேட்டை நட்சத்திரத்தன்று. பழனிக்குப் போய் வந்த மலையூர்க்காரர்கள் இதற்கும் நிற்பார்கள். இந்தத் தேருக்கு முன்னாலும் வடம், பின்னாலும் வடம். தெரு மலைச்சரிவில் இருப்பதால் ஏற்றத்தில் முன்வடத்தார் இழுக்க வேண்டும், இறக்கத்தில் பின்வடத்தார் பிடித்து நிறுத்த வேண்டும். சமதளத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டால் தேர் நின்றுவிடும். இங்கே கட்டை மட்டும் போட்டால் சக்கரம் அதன்மேல் ஏறிவிடக்கூடும், அதனால் பின்வடம் தளரவே கூடாது. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் ஆசைப்பட்டு முன்வடத்தைத்தான் பிடிப்பார்கள். பின்வடம் பழகிய உள்ளூர் ஆட்களுக்கு. தேர் இறங்கும் பக்கம் தெருவின் கீழ்ப்புறத்தில் நிற்க வேண்டாம், மேட்டுப்பக்கத் திண்ணையில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். தை மாதக் குளிர் பகலிலேயே கடிக்கும், கம்பளி வேண்டும். திரும்பும் பேருந்து எத்தனை மணிக்கு என்று வந்து இறங்கியதுமே நடத்துநரிடம் கேட்டுவிடுங்கள்.